கர்ப்பகால இடுப்பு வலி: பெல்ட்டா, பிசியோவா, மாத்திரையா, ஒத்தடமா?

ஐந்தாம் மாதம் முடிந்து ஆறாம் மாதம் தொடங்கும்போது பலருக்கும் வரும் குழப்பம் இது. இடுப்பு வலிக்கிறது. மாமியார் விளக்கெண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பெல்ட் வாங்கச் சொல்கிறார். மருந்துக்கடைக்காரர் ஒரு மாத்திரையை நீட்டுகிறார். டாக்டர் "இந்த நேரத்துல இது சகஜம்தாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் வலி சரியாக எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் எதை வாங்கினாலும் பாதி நேரம் பணம் வீண்தான்.

டாக்டர் சொல்வது பொய்யில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி கர்ப்பிணிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குக் கீழ்முதுகு வலி வருகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு வளைய வலி வருகிறது. சகஜம் என்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை.

## முதலில், காத்திருக்கக் கூடாத வலிகள்

கீழே ஒப்பிடப்போகும் எதுவும் இந்த நிலைமைகளுக்குப் பொருந்தாது:

- 37 வாரம் முடிவதற்கு முன்பே வலி விட்டுவிட்டு, சீரான இடைவெளியில் வந்து, வயிறும் கூடவே இறுகுவது. குறைமாதப் பிரசவ வலி முதுகில் ஆரம்பிப்பதுண்டு.
- இரத்தப்போக்கு, நீர்க்கசிவு, குழந்தையின் அசைவு குறைவது.
- காய்ச்சல், குளிர் நடுக்கத்தோடு விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் வலிப்பது, சிறுநீர் எரிச்சல். சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம்.
- காலில் பலம் குறைவது, அந்தரங்கப் பகுதியைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது.
- ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலிப்பது.

இதில் எது இருந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

## உங்களுடையது எந்த வலி?

இடுப்பு வலி என்று சொல்வதற்குள் இரண்டு வேறு வலிகள் இருக்கின்றன. முதலாவது கீழ்முதுகு வலி. பாவாடை நாடா கட்டும் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். நெடுநேரம் நாற்காலியில் உட்கார்ந்தால், அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தால், குனிந்து எதையாவது தூக்கினால் கூடும். கர்ப்பத்துக்கு முன்பே முதுகு வலி இருந்தவர்களுக்கு அது பழகிய வலிபோலவே இருக்கும்.

இரண்டாவது இடுப்பு வளைய வலி. நாடாவுக்குக் கீழே, முதுகின் அடியில் இரண்டு பக்கமும் சின்னக் குழி விழுமே, அந்த இடத்தில் ஆரம்பித்துப் புட்டம், பின்தொடை வரை இழுக்கும். சிலருக்கு முன்பக்கம், அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும் எலும்பின் நடுவில் சுருக்கென்று குத்தும். இது நடக்கும்போது, படி ஏறும்போது, படுக்கையில் புரளும்போது, ஒற்றைக் காலில் நின்று உள்பாவாடையோ பேண்ட்டோ மாட்டும்போது, ஆட்டோவிலிருந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்து இறங்கும்போது கூடும். ஒரு காலில் எடை இறங்கும்போதோ இரண்டு கால்கள் அகலும்போதோ வலித்தால் பெரும்பாலும் இந்த வகைதான்.

இரண்டும் சேர்ந்தும் வரும். முழங்காலுக்குக் கீழே பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல இறங்கினால் அது நரம்பு சார்ந்த வலி. அது அவ்வளவு அதிகமாக வருவதில்லை, ஆனால் டாக்டர் பார்க்க வேண்டியது.

காரணம் ஒன்றல்ல. வயிறு முன்னால் வளர வளர உடலின் எடைமையம் மாறுகிறது, வயிற்றுத் தசைகள் நீண்டு தளர்கின்றன, மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் நெகிழ்கின்றன. ரிலாக்சின் என்ற ஹார்மோன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அந்த ஹார்மோன் அதிகம் இருப்பவர்களுக்கு வலியும் அதிகம் என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. சூடு, வாயு என்று வீட்டில் சொல்லும் காரணங்களைப் பற்றி நான் சண்டை போடப்போவதில்லை. அதை வைத்துக் கஷாயம் கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எந்தக் கஷாயத்தில் என்ன இருக்கிறது, கர்ப்பப்பையை என்ன செய்யும் என்று கொடுப்பவருக்கே தெரியாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

1. உங்கள் மாதத்துக்கு அது பாதுகாப்பானதா?
2. மேலே சொன்ன இரண்டில் எந்த வலிக்கு உதவும்?
3. நிவாரணம் எவ்வளவு நேரம் நிற்கும்?
4. பணம், அதோடு கண்ணில் படாத செலவு: பயணம், காத்திருப்பு, இன்னொருவரின் நேரம், தப்பான பொருளை வாங்கித் தொலைப்பது.
5. அன்றாட வாழ்வில் எதைத் திருப்பித் தருகிறது? உறக்கத்தையா, வேலை நேரத்தையா, படி ஏறுவதையா?

இரண்டு வழிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் ஐந்தாவதை வைத்து முடிவெடுங்கள். இரவில் தூங்க முடியாதவருக்கும் பகலில் நடக்க முடியாதவருக்கும் ஒரே விடை இருக்காது.

## ஓய்வும் பழக்க மாற்றமும்

"பேசாம படுத்துக்கோ" என்பதுதான் வீட்டில் முதலில் கிடைக்கும் சிகிச்சை. முழு நாளும் படுத்திருப்பது இந்த வலிக்குப் பெரிதாக உதவாது. தசை பலமிழக்கும், எழுந்திருக்கும்போது இன்னும் விறைக்கும், கர்ப்பகாலத்தில் ஏற்கெனவே கூடுதலாக இருக்கும் இரத்தக்கட்டு அபாயமும் கூடும். வேறு காரணத்துக்காக டாக்டர் படுக்கச் சொல்லியிருந்தால் அது தனிக் கதை.

இதற்கு நேர் எதிரான அறிவுரையும் அதே வீட்டில் கிடைக்கும். குத்துக்காலிட்டு வீடு துடைத்தால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்பார்கள். வெறும் கீழ்முதுகு வலி என்றால் மிதமான வீட்டு வேலை கெடுதல் இல்லை. இடுப்பு வளைய வலி உள்ளவர் குத்துக்காலிட்டுத் தரை துடைப்பது, வலிக்கும் மூட்டை மேலும் விரித்து இழுப்பது. துடைப்பதால் பிரசவம் எளிதாகிவிடாது. நீளக் கைப்பிடி மாப் நூறு, இருநூறு ரூபாய். இந்தப் பட்டியலிலேயே பணத்துக்கு மதிப்பான பொருள் அதுதான் என்பேன்.

மாற்ற வேண்டிய பழக்கங்கள் சின்னச் சின்னவை. தண்ணீர்க் குடத்தை ஒரு பக்க இடுப்பில் வைக்காமல் பாதிப் பாதியாக இரண்டு கைகளில் எடுப்பது. பைக்கில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவதைக் குறைப்பது, அதில் இடுப்பு முழு நேரமும் முறுக்கிய நிலையில் இருக்கும். உட்கார்ந்து சேலை கட்டுவது, பேண்ட் மாட்டுவது. படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து ஏறுவது. முடிந்தால் நாற்காலிக் கழிப்பறை. இல்லையென்றால் இந்தியக் கழிப்பறை மேல் வைக்கும் ஸ்டூல் மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும். வளைகாப்பு அன்று மனையில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பார்கள். நாற்காலி போடச் சொல்லுங்கள், சடங்கு ஒன்றும் குறைந்துபோகாது.

இரவுக்கு: ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவிலும் கணுக்கால்களுக்கு நடுவிலும் தலையணை. கணுக்காலை விட்டுவிட்டு முழங்காலுக்கு மட்டும் வைப்பதால்தான் பலருக்கு அது வேலை செய்வதில்லை. புரளும்போது இரண்டு முழங்கால்களையும் ஒட்டி வைத்து, உடம்பை ஒரே கட்டையாகத் திருப்புங்கள். கடைசி மூன்று மாதங்களில் ஒருக்களித்துத் தூங்கப் போவது குழந்தைக்கும் நல்லது. தரைப் பாயிலிருந்து எழுவது கஷ்டமாக இருந்தால் கட்டிலுக்கு மாறலாம். கட்டில் இல்லாத வீட்டில் கனமான மெத்தை ஒன்றின் மேல் இன்னொன்று போட்டு உயரம் கூட்டினாலும் போதும்.

பணச் செலவு அதிகமில்லை. ஆனால் நீங்கள் செய்யாத வேலையை யாராவது செய்ய வேண்டும். கணவரோ மாமியாரோ அதை எடுத்துக்கொள்ளாத வீட்டில் இந்த வழி காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். அதனால் இதைக் கர்ப்பிணியின் பொறுப்பாக மட்டும் எழுதுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

## பிசியோதெரபியும் உடற்பயிற்சியும்

உலக சுகாதார நிறுவனத்தின் 2016 கர்ப்பகாலப் பராமரிப்புப் பரிந்துரைகள் கீழ்முதுகு, இடுப்பு வலியைத் தடுக்கக் கர்ப்பம் முழுவதும் உடற்பயிற்சி செய்யச் சொல்கின்றன. வலி வந்த பிறகு பிசியோ, பெல்ட், அக்குபஞ்சர் போன்றவற்றில் அவரவர் விருப்பத்துக்கும் வசதிக்கும் ஏற்பத் தேர்ந்தெடுக்கலாம் என்கின்றன. காக்ரேன் தொகுப்பிலும் தரையில் செய்யும் பயிற்சிகள் கீழ்முதுகு வலியைக் குறைப்பதாகத் தெரிகிறது, ஆதாரத்தின் தரம் உயர்ந்ததில்லை என்றாலும். இடுப்பு வளைய வலிக்குப் பொதுவான பயிற்சி வகுப்புகளால் அதே அளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம். முதல் வகை வலிக்கு நடைப்பயிற்சியும் வீட்டுப் பயிற்சியுமே பல பேருக்குப் போதும். இரண்டாவது வகைக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் உங்களைப் பார்த்து, உங்களுக்கென்று எழுதித் தரும் பயிற்சி வேண்டும்.

அவர் என்ன சொல்லித் தருவார்? கையையும் முழங்காலையும் ஊன்றி முதுகை மெல்ல மேலே வளைத்து இறக்குவது. சுவரில் சாய்ந்து நின்று இடுப்பைச் சற்றுப் பின்னால் அழுத்துவது. ஒருக்களித்துப் படுத்து மேல் முழங்காலை மட்டும் கொஞ்சம் தூக்குவது. முன்பக்க எலும்பு வலி இருப்பவருக்கு இது ஒத்துவராமல் போகலாம், அவருக்கு முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து மெதுவாக அழுத்தும் பயிற்சி தருவார்கள். சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கித் தளர்த்துவது எல்லோருக்கும் பொது. நான்காம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்து நெடுநேரம் செய்யும் எதையும் தவிர்ப்பார்கள், கர்ப்பப்பையின் எடை பெரிய இரத்தக்குழாயை அழுத்தும் என்பதால்.

இதற்கு விதி ஒன்றுதான்: செய்யும்போது லேசாக இழுக்கலாம், முடித்த பிறகோ அன்று இரவோ வலி கூடக் கூடாது. கூடினால் அந்தப் பயிற்சி உங்களுக்கானதில்லை, அடுத்த முறை போகும்போது மாற்றித் தரச் சொல்லுங்கள்.

யார் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்? நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருப்பவர், இரத்த அழுத்தம் கூடியவர், கடுமையான இரத்தசோகை உள்ளவர். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேர் இரத்தசோகையோடு இருந்தார்கள். உங்கள் ஹீமோகுளோபின் அளவு உங்கள் கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையிலேயே எழுதியிருக்கும், ஒரு முறை பாருங்கள். சோர்வும் மூச்சு வாங்குவதும் இருக்கும்போது "பயிற்சி செய்ய மனசில்லை" என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம்.

செலவு ஊருக்கு ஊர் மாறும். தனியாரில் ஒரு முறைக்குச் சில நூறு ரூபாய். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு, அங்கே கட்டணமில்லை, பதிலாகக் காத்திருப்பு. சிறிய ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் குலுங்கிப் போய்ப் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்புவது, நடக்கும்போது வலிக்கும் பெண்ணுக்கு நஷ்டக் கணக்கு. அப்படியென்றால் இரண்டு, மூன்று முறை மட்டும் போய்ப் பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்வதுதான் சரி. பத்து நாள் கரண்ட் வைக்க வரச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கர்ப்பிணியின் இடுப்பிலும் வயிற்றிலும் அந்த மின்சிகிச்சைக் கருவிகள் பலவற்றைப் பயன்படுத்துவதில்லை.

பலன் உடனே தெரியாது. இரண்டு, மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். பொறுமைதான் இதன் உண்மையான விலை.

## பெல்ட்

பெல்ட்டில் ஏமாறுவது சுலபம், காரணம் கடையில் பெல்ட் என்று கேட்டால் நான்கு வகை வரும். பிரசவத்துக்குப் பிறகு வயிற்றை இறுக்கக் கட்டும் பெல்ட் ஒன்று. அதைக் கர்ப்பத்தில் போடவே கூடாது. முதுகில் கம்பி வைத்த, டிஸ்க் வலிக்காரர்கள் போடும் பெல்ட் இன்னொன்று, அதுவும் இதற்கில்லை. மூன்றாவது, வயிற்றுக்கு அடியில் அகலமாகச் சென்று முதுகில் மேலேறும் கர்ப்பகாலத் தாங்குபெல்ட். வயிறு கனத்துக் கீழ்முதுகு இழுப்பவருக்கு, இரட்டைக் குழந்தை சுமப்பவருக்கு இது. நான்காவது, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பை மட்டும் சுற்றும் குறுகிய, நீளாத பெல்ட். இடுப்பு வளைய வலிக்கு வேண்டியது இதுதான், மருந்துக்கடையில் கிடைப்பது அரிது. இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்கும்போது வயிற்றைச் சுற்றியிருக்கிறதா, வயிற்றுக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை. இன்னொருவரை உங்கள் இரண்டு இடுப்பெலும்புகளிலும் உள்ளங்கையை வைத்து இரண்டு பக்கமிருந்தும் மெதுவாக உள்நோக்கி அழுத்தச் சொல்லி, அப்படியே நான்கடி நடந்து பாருங்கள். வலி குறைந்தால் குறுகிய பெல்ட் உங்களுக்கு உதவ வாய்ப்புண்டு. குறையவில்லையென்றால் ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கலாம். பிசியோ நிலையத்தில் மாதிரிப் பெல்ட் கட்டிப் பார்க்கக் கேட்டால் இன்னும் நல்லது.

ஐரோப்பிய நிபுணர் குழு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி பெல்ட்டைக் குறுகிய நேரத்துக்கு மட்டும், நிவாரணம் தருகிறதா என்று பார்த்துப் போடச் சொல்கிறது. நடக்கும்போது, சந்தைக்குப் போகும்போது, வகுப்பில் நின்று பாடம் எடுக்கும்போது போடுங்கள்; உட்காரும்போது தளர்த்துங்கள், படுக்கும்போது கழற்றுங்கள். அதன் பலன் கட்டியிருக்கும் வரைதான்.

நம் ஊர் வெயிலில் பெல்ட்டுக்குள் வியர்த்து அரிக்கும், அந்த அரிப்பு சில நாளில் புண்ணாகும். பருத்தித் துணிக்கு மேல்தான் கட்ட வேண்டும். மாதம் ஏற ஏற அளவும் மாறும் என்பதால் ஏழாம் மாதத்தில் வாங்குபவர் ஒன்பதாம் மாதத்துக்கும் நீளும் அளவாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போகும்போதும் அவிழ்த்துக் கட்டுவது ஒரு வேலை. கர்ப்பிணி ஒரு நாளைக்கு எத்தனை முறை போவார் என்று கேட்கவே வேண்டாம். கட்டிய பிறகு மூச்சு முட்டினாலோ காலில் மரத்துப்போனாலோ கழற்றிவிடுங்கள்.

## மாத்திரை, ஊசி, ஜெல்

அதிக ஆபத்து இருப்பதும் இங்கேதான், அதிக பயம் தேவையில்லாமல் இருப்பதும் இங்கேதான்.

பாராசிட்டமால் கர்ப்பத்தில் வலிக்கு முதல் மாத்திரையாகப் பல நாடுகளிலும் கொடுக்கப்படுவது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு அதை ஆட்டிசத்தோடு இணைத்துப் பேசியதிலிருந்து நிறையப் பேர் பயந்துபோயிருக்கிறார்கள். அப்படிச் சொல்ல உறுதியான அறிவியல் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அதே மாதம் அறிவித்தது. 2024-இல் ஸ்வீடனில் சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்த ஆய்வில், ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. டாக்டர் சொன்ன அளவில், தேவைப்பட்ட நாளில், குறைந்த காலத்துக்குப் போடலாம். ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, எடை குறைந்தவருக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். இந்த வலிக்கு அது பெரிய நிவாரணம் தராது. தூக்கம் கெட்ட ஒரு இரவைக் கடத்த, வலி மிகுந்த ஒரு நாளைச் சமாளிக்க உதவும். தினமும் தேவைப்படுகிறது என்றால் மாத்திரையைக் கூட்டுவதற்குப் பதில் வேறு வழியைச் சேர்க்க வேண்டும்.

ஆபத்து வேறு மாத்திரைகளில். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் ஆகியவை வேறு வகை. 20 வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-இல் எச்சரித்தது. கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் இதயத்துக்கு அருகே திறந்திருக்க வேண்டிய ஒரு இரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளவும் காரணமாகலாம். நம் ஊரில் இதில் ஒரு பொறி உண்டு: அசிக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருகின்றன. "பாராசிட்டமால்தான் குடுத்தேன்" என்று கடைக்காரர் நம்பிக்கையோடு சொல்லும்போதும் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். இடுப்பில் ஒரு ஊசி போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று போகும் கிளினிக்கில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக்தான் ஏற்றுவார்கள். வயிறு தெரியாத மாதம் என்றால் கர்ப்பம் என்று நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். வலி ஜெல்லும் ஸ்ப்ரேயும் பல இதே மருந்தைக் கொண்டவை. டாக்டரைக் கேட்காமல் தடவாதீர்கள்.

இரத்த அழுத்த அபாயத்துக்காக டாக்டர் எழுதிய குறைந்த அளவு ஆஸ்பிரின் இந்தக் கணக்கில் சேராது. இதைப் படித்துவிட்டு அதை நிறுத்தாதீர்கள்.

## எண்ணெய், ஒத்தடம், பிடித்துவிடுதல்

வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி இடுப்பில் பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பதில் தவறில்லை. வயிற்றில் வேண்டாம். உடம்பு முழுவதையும் சூடேற்றும் நீராவிக் குளியலும் கொதிக்கக் கொதிக்க நெடுநேரக் குளியலும் வேண்டாம். வெதுவெதுப்பான நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவி, ஒருக்களித்துப் படுத்த நிலையில் அம்மாவோ கணவரோ லேசாகத் தடவிவிடுவது தசையைத் தளர்த்தும். அதைவிட, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் கவனித்துக்கொள்வதும் நிவாரணம்தான். பலன் அன்று இரவு வரை நிற்கலாம்.

எல்லை எங்கே? சுளுக்கு எடுக்கிறேன் என்று இடுப்பைத் திருகுவது, குழந்தையைத் திருப்புகிறேன் என்று வயிற்றை உருவுவது, கெண்டைக்காலை அழுத்திப் பிசைவது மூன்றும் கூடாது. காலில் இரத்தக்கட்டு இருந்து அது தெரியாமல் பிசைந்தால் உயிருக்கே ஆபத்து. வாசனை தூக்கலான வலித்தைலங்களில் கற்பூரமும் ஆஸ்பிரினுக்கு நெருங்கிய ஒரு சேர்மமும் இருக்கும். அவற்றை நெடுக, தினமும் பூசுவது நல்லதில்லை. எண்ணெய்க் காலோடு குளியலறையில் வழுக்குவதும் உண்மையான ஆபத்து, அதை யாரும் எழுதுவதில்லை.

## யோகா, நீச்சல்குளம், அக்குபஞ்சர்

கர்ப்பகால யோகா, சொல்லித் தருபவருக்குக் கர்ப்பகாலப் பயிற்சி தெரிந்திருந்தால் கீழ்முதுகு வலிக்கு நல்லது. இடுப்பு வளைய வலி இருப்பவர் பட்டாம்பூச்சி ஆசனம், மலாசனம்போலக் கால் அகலும் ஆசனங்களை விட்டுவிடலாம். அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இருக்கும் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவில் கட்டணமில்லாமல் கற்கலாம்.

தண்ணீரில் பயிற்சி உடல் எடையைத் தாங்கிக்கொள்வதால் இதமாக இருக்கும், ஆனால் பெண்கள் நிம்மதியாக இறங்கக்கூடிய சுத்தமான குளம் எத்தனை ஊர்களில் இருக்கிறது?

அக்குபஞ்சரைப் பலர் சிரித்து ஒதுக்குகிறார்கள். 2005-இல் ஸ்வீடனில் 386 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையைவிட அக்குபஞ்சரும் மூட்டை நிலைப்படுத்தும் பயிற்சியும் இடுப்பு வளைய வலியைக் கூடுதலாகக் குறைத்தன. ஆக, ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர், ஒருமுறை பயன்படுத்தும் ஊசி, உங்கள் மகப்பேறு டாக்டருக்குத் தெரிந்திருப்பது, மூன்றும் வேண்டும். ஸ்கேன் வேண்டாம், இரும்புச்சத்து மாத்திரை வேண்டாம், வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று பேசத் தொடங்கினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த வலிக்கு | நிவாரணம் | செலவு | கண்ணில் படாத செலவு | திருப்பித் தருவது |
|---|---|---|---|---|---|
| பழக்க மாற்றம் | இரண்டுக்கும் | சில நாளில், தொடரும் வரை | மிகக் குறைவு | வீட்டிலிருப்போரின் உழைப்பு | உறக்கம், வீட்டு வேலை |
| பிசியோ, பயிற்சி | கீழ்முதுகுக்கு நன்கு. இடுப்பு வளையத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும் | சில வாரம் கழித்து, நீடிக்கும் | அரசில் இலவசம். தனியாரில் ஒரு முறைக்குச் சில நூறு | பயணம், பொறுமை | நடை, பிரசவத்துக்குப் பின்னும் பலம் |
| பெல்ட் | வகையைப் பொறுத்தது | கட்டியிருக்கும் வரை | சில நூறு முதல் ஆயிரத்துக்கு மேல் | தப்பான வகை, வியர்வைப் புண் | வேலை நேரம், வெளியே போவது |
| பாராசிட்டமால் | இரண்டுக்கும், ஓரளவு | சில மணி நேரம் | சில ரூபாய் | தப்பான மாத்திரை கலந்துவிடும் ஆபத்து | ஒரு இரவின் தூக்கம் |
| ஒத்தடம், எண்ணெய் | கீழ்முதுகுக்குக் கூடுதல் | அன்று இரவு வரை | மிகக் குறைவு | வழுக்கல், அளவு மீறிய கை | மாலை நேர இதம் |
| அக்குபஞ்சர் | இடுப்பு வளையத்துக்கு | பல அமர்வுகளுக்குப் பின் | ஒவ்வொரு அமர்வுக்கும் | நம்பகமானவரைத் தேடுவது | மாலை வலி குறைவது |

## யாருக்கு எது

ஐ.டி. வேலை, நாள் முழுக்க நாற்காலி, வலி நாடா மட்டத்தில் என்றால் பெல்ட்டைத் தொடவே வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது, முதுகுக்குப் பின்னால் சுருட்டிய துண்டு, மாலையில் நடையும் பயிற்சியும். இதிலேயே பெரும்பாலானோருக்கு அடங்கும்.

நின்று வேலை பார்க்கும் ஆசிரியை, ஜவுளிக்கடை ஊழியர், செவிலியர், வலி புட்டத்திலும் முன் எலும்பிலும் என்றால் குறுகிய பெல்ட்டை வேலை நேரத்துக்கும் பிசியோவைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை மட்டும் நம்பினால் மாதம் ஏற ஏற அது போதாமல் போகும். உட்கார நாற்காலி கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். மகப்பேறு விடுப்புச் சட்டம் பொருந்தும் நிறுவனத்தில், 26 வார விடுப்பில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். வலி கடுமையாக இருந்தால் அதில் சிலவற்றை முன்னால் செலவழிப்பது வீணல்ல, ஆனால் குழந்தையோடு இருக்கும் வாரம் குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பகலில் சமாளித்து இரவில் மட்டும் தவிப்பவர் முதலில் தலையணையைச் சரிசெய்யுங்கள், படுக்கும் முன் ஒத்தடம், அப்படியும் முடியாத இரவில் டாக்டர் சொன்ன பாராசிட்டமால். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, எதற்கெடுத்தாலும் அழுகை வந்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அதையும் வலியோடு சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும்.

கிராமத்தில் இருப்பவர், பிசியோ தூரம் என்றால் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் சிறப்பு டாக்டர் கர்ப்பிணிகளை இலவசமாகப் பார்க்கும் திட்டம் இருக்கிறது. அன்று "இடுப்பு வலிக்குது" என்று பொதுவாகச் சொல்லாமல், எங்கே, எப்போது, எதைச் செய்யும்போது என்று மூன்றையும் சொல்லி, பிசியோவுக்கு எழுதித் தரக் கேளுங்கள்.

தாய் வீட்டுக்குப் போகும் மாதத்தில் டாக்டரும் மாறுவார். அங்கே போனதும் உங்களுக்கு இடுப்பு வளைய வலி இருப்பதை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். இந்த வலி மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது. முழங்கால்களை எவ்வளவு அகட்டினால் வலி தொடங்குகிறது என்று வீட்டில் அளந்து வைத்துக்கொண்டு பிரசவ அறையில் சொன்னால், ஒருக்களித்தோ கைகளை ஊன்றியோ பெற்றுக்கொள்ள வசதி செய்து தரலாம். முதுகில் மயக்க ஊசி போட்டதால்தான் பின்னாளில் இடுப்பு வலி என்று ஊரெல்லாம் பேச்சு. நீண்டகால முதுகு வலிக்கு அது காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் வலி குறைந்துவிடும். மூன்று மாதம் கழித்தும் குழந்தையைத் தூக்கும்போது அதே இடத்தில் வலித்தால், மறுபடியும் பிசியோவிடம் போவதற்கான நேரம் அது.